கண்ணில் விடும் சொட்டு கன்னத்தில் வழிந்தால்

என் அம்மைக்குக் கண் அழுத்த நோய் ஆபரேஷனுக்கு முன் விட்ட சொட்டு மருந்தில் பாதி வழிந்துபோனது. சரிசெய்தது இப்படி: மல்லாந்து படுக்கவைத்து, கீழ் இமையை இழுத்து, அந்தக் குழியில் ஒரே சொட்டு. கண்ணில் அதற்குமேல் நிற்காது. இமையை மூடி, மூக்கோரக் கண்முனையை 2 நிமிடம் அழுத்த வேண்டும். இல்லையென்றால் மருந்து மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்கிக் கசக்கும். கண் அழுத்தத்தைக் குறைக்கும் டிமோலால் சொட்டு என்றால் நாடித்துடிப்பு குறையலாம், ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சு முட்டலாம். அடுத்த மருந்துக்கு 5 நிமிட இடைவெளி.

கண்பாப்பாவை விரிக்கும் சொட்டை டாக்டர் சொல்லாமல் விடவே கூடாது. கண்ணின் கோணம் (உள்ளே ஊறும் நீர் வடியும் இடம்) குறுகியவர்களுக்கு அழுத்தம் திடீரென ஏறிவிடும். அப்படி விரிக்கும் டிராபிகாமைடு விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், வெயில் கூசும். நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டத்துக்கு பைக் ஓட்டித் திரும்ப வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.