குறைந்த பணத்தில் கேமிங் கம்ப்யூட்டர்: டர்பனில் இருந்து பாகம் பாகமாக ஒரு விளக்கம்

கேமிங் கம்ப்யூட்டருக்கு பட்ஜெட் போடுகிறவர்கள் பணம் இடித்தால் முதலில் கை வைப்பது பவர் சப்ளையில்தான், அதாவது சுவர் மின்சாரத்தைப் பாகங்களுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டியில். கிராபிக்ஸ் கார்டு, பிராசசர், ரேம் எல்லாம் வாங்கி முடித்து, மிச்சமுள்ள ராண்டுக்கு எது கிடைக்கிறதோ அதை எடுத்துப் போடுவார்கள். தென்னாப்பிரிக்காவில் நம் வீட்டுக்கு வரும் மின்சாரத்தை வைத்துக்கொண்டு அப்படிச் செய்யவே கூடாது. அதனால் மற்றப் பாகங்களைக் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டு, பவர் சப்ளையிலும் யுபிஎஸ்ஸிலும் (கரண்ட் போனால் பேட்டரியில் சிறிது நேரம் தாங்கும் பெட்டி) நிதானமாக நிற்கப் போகிறேன். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் என் அக்கா மகனுக்கு ஒன்று பூட்டிக் கொடுத்தபோது எங்களை மடக்கிப் போட்ட இடமும் அதுதான்.

திருகு முடுக்குவது, விண்டோஸ் ஏற்றுவது பற்றி இங்கே எழுதவில்லை. விலையும் எழுதவில்லை. ராண்ட் டாலரோடு சேர்ந்து ஏறி இறங்குவதால் இன்று எழுதும் விலை அடுத்த மாதம் பொய்யாகிவிடும். ஒன்று மட்டும்: பிள்ளைகள் தீபாவளிக்கே கேட்பார்கள். முடிந்தால் நவம்பர் கடைசியில் வரும் பிளாக் ஃபிரைடே வரை பொறுக்கச் சொல்லுங்கள். கிராபிக்ஸ் கார்டும் எஸ்எஸ்டியும் (சேமிப்பு டிரைவ்) அப்போது உண்மையிலேயே இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

முதல் படி: மானிட்டர்

வீட்டில் இருக்கிற மானிட்டர் 1080p-யா (திரையின் புள்ளி அளவு), எத்தனை ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை முறை படம் மாறும்) என்று பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் திரைக்கு நொடிக்கு இருநூறு ஃபிரேம் தரும் கார்டு வாங்கினால் கொடுத்த காசுக்கு ஏற்ற வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. குறைந்த பட்ஜெட்டுக்கு 1080p போதும் என்பது என் தீர்மானமான கருத்து. 1440p ஆசை வந்தால் கார்டு, பவர் சப்ளை, மானிட்டர் மூன்றும் சேர்ந்து ஒரு படி ஏறும்.

இரண்டாம் படி: கிராபிக்ஸ் கார்டு

மானிட்டர் தவிர்த்த மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு, முடிந்தால் அதற்குக் கொஞ்சம் மேலேயும், இதற்குப் போகட்டும். 1080p-க்கு நான் பார்க்கும் வரிசை: ஏஎம்டி ஆர்எக்ஸ் 6600, ஆர்எக்ஸ் 7600, என்விடியா ஆர்டிஎக்ஸ் 4060. மூன்றிலும் 8 ஜிபி நினைவகம் உண்டு. அதற்குக் கீழே இறங்காதீர்கள். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மலிவாகத் தெரியும். ஆனால் 4 ஜிபி மட்டுமே, அதுவும் மதர்போர்டோடு நான்கே பிசிஐ தடங்களில் (தரவு ஓடும் வழிகளில்) பேசும் கார்டு. பழைய போர்டில் மாட்டினால் இன்னும் தேங்கும்.

பழைய கார்டு வாங்கலாமா? வாங்கலாம். விற்பவர் வீட்டில், உங்கள் கண் முன்னால், ஒரு கேம் கால் மணி நேரமாவது ஓட வேண்டும். படம் மட்டும் அனுப்பி முன்பணம் கேட்டால் விட்டுவிடுங்கள். ஆர்எக்ஸ் 580 என்று விற்பதில் '2048எஸ்பி' என்று ஒரு வகை உண்டு. பெயர் ஒன்றானாலும் வேகம் குறைவு. அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பிராசசரும் மதர்போர்டும் ஜோடியாக

இவை இரண்டையும் தனித்தனியாக யோசிக்காதீர்கள். என் பரிந்துரை ரைசன் 5 5600, பி550 போர்டு. ஆறு கோர், 65 வாட், கூடவே வரும் கூலரே போதும். இன்டெல் பக்கம் ஐ5-12400எஃப் அதே தரம். கை இன்னும் கடித்தால் ஐ3-12100எஃப். ரைசன் 5 5500 கொஞ்சம் மலிவு, ஆனால் கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) பாதிதான், பிசிஐ வேகமும் ஒரு தலைமுறை பின்னால். அந்தச் சிறு மிச்சத்துக்கு அது வேண்டாம்.

இன்டெலில் கடைசியில் 'எஃப்' எழுத்து இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ரைசன் 5600-லும் கிடையாது. கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. இந்த மாதம் கம்ப்யூட்டர், வருடக் கடைசி போனஸில் கார்டு என்று திட்டம் போடுகிறவர்கள் 5600ஜி எடுக்க வேண்டும்.

சரி, இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பி450 போர்டுகள் 2018-இல் வந்தவை, பி550 2020 நடுவில். ரைசன் 5000 வரிசை வந்ததோ 2020 நவம்பரில், 5600 அதற்கும் பின்னால் 2022-இல். கடை அலமாரியில் நெடுநாள் கிடந்த போர்டு என்றால் அதன் பயாஸுக்கு, அதாவது போர்டை எழுப்பும் மென்பொருளுக்கு, புதிய பிராசசரை அடையாளம் தெரியாது. மின்விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். எல்லாம் புதிதாக வாங்கியவர் போர்டு செத்துவிட்டது என்று பதறிப்போவார். வாங்குமுன் போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் பிராசசர் பட்டியலைத் திறந்து, உங்கள் பிராசசருக்கு எந்த பயாஸ் பதிப்பு முதல் ஆதரவு என்று பாருங்கள். பெட்டியில் 'ரைசன் 5000 ரெடி' ஸ்டிக்கர் இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். பிராசசர் இல்லாமலே பென் டிரைவ் வழியாக பயாஸ் ஏற்றும் பொத்தான் சில போர்டுகளின் பின்பக்கம் இருக்கும். கொஞ்சம் கூடக் கொடுத்தாவது அந்த வகை போர்டை எடுங்கள் என்பேன். பென் டிரைவ் ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் செய்யப்பட்டிருக்க வேண்டும், ஃபைலின் பெயரும் கையேட்டில் சொன்னபடியே இருக்க வேண்டும்.

நான்காம் படி: ரேம், எஸ்எஸ்டி

16 ஜிபி ஒற்றைக் குச்சி வேண்டாம், 8 ஜிபி இரண்டு வாங்குங்கள். டிடிஆர்4 3200 போதும். போர்டில் நான்கு இடம் இருந்தால் பிராசசரில் இருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகுங்கள். அப்புறம் பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி-யை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் அமைப்பு) இயக்குங்கள். இயக்காவிட்டால் 3200 என்று காசு கொடுத்து வாங்கியது 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருக்கும். 2025 கடைசியில் இருந்து ரேம் விலை எல்லா ஊரிலும் ஏறியிருப்பதால் ஏஎம்டியின் புதிய ஏஎம்5 சாக்கெட் போர்டும் டிடிஆர்5 ரேமும் சேர்ந்து பட்ஜெட்டை உடைத்துவிடும். வீட்டில் பழைய டிடிஆர்4 குச்சிகள் இருந்தால் அவற்றைச் சுற்றியே கம்ப்யூட்டரைத் திட்டமிடலாம்.

எஸ்எஸ்டி, என்விஎம்இ என்ற வேகமான வகையில் 1 டிபி. இன்றைய பெரிய கேம் ஒன்றே 100 ஜிபிக்கு மேல் விழுங்கும்.

ஐந்தாம் படி: பவர் சப்ளை

அக்கா மகனின் கேஸோடு இனாமாக ஒரு பவர் சப்ளை வந்தது. மேலே 500 வாட் என்று பெரிதாக எழுதியிருந்தது. அத்தான் ஏற்கனவே 650 விஏ (வோல்ட்-ஆம்பியர்) யுபிஎஸ் ஒன்றும் வாங்கி வைத்திருந்தார். எல்லாம் நன்றாக ஓடியது. கரண்ட் போனதும் கூத்து ஆரம்பித்தது. யுபிஎஸ் பீப் பீப் என்று கத்துகிறது, அதன் விளக்கு எரிகிறது, கம்ப்யூட்டர் மட்டும் அணைந்து கிடக்கிறது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பல்பை மாட்டிக் காட்டினார்கள், எரிந்தது. யுபிஎஸ் நல்லதுதான் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

விஷயம் பிடிபட்டது ஒரு கவனிப்பில்தான். கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது கரண்ட் போனால் தாங்கியது. கேம் ஓடும்போது போனால்தான் அணைந்தது.

சாதாரண வீட்டு யுபிஎஸ் சுவர் மின்சாரத்தில் இருந்து பேட்டரிக்கு மாற நாலு முதல் பத்து மில்லிவினாடி எடுக்கும். அந்த இடைவெளியில் கம்ப்யூட்டரைத் தாங்க வேண்டியது பவர் சப்ளைக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சற்று நேரம் சேமித்து வைக்கும் பாகம்). நல்ல பவர் சப்ளை கனமான சுமையிலும் 16 மில்லிவினாடி அளவுக்குத் தாங்கும். மலிவானதில் கெப்பாசிட்டர் சிறியது. சுமை குறைவாக இருந்தால் சமாளிக்கும், கிராபிக்ஸ் கார்டு முழு மூச்சில் இழுக்கும்போது அந்தச் சில மில்லிவினாடிக்குள் வற்றிப்போகும். அதே யுபிஎஸ்ஸை வைத்துக்கொண்டு பவர் சப்ளையை மட்டும் தரமான 550 வாட்டுக்கு மாற்றினோம். அதன்பின் அணையவில்லை.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை. பின்பக்கம் 115/230 என்று சிவப்பு சுவிட்ச் இருந்தால் அது பழைய வடிவமைப்பு, வாங்காதீர்கள். நம் 230 வோல்ட்டில் அது தவறி 115-இல் நின்றால் ஆன் செய்த நொடியே வெடிக்கும். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் வருவதுதான் நமக்கு உதவும் வாட். 550 வாட் என்றால் 45 ஆம்பியர் பக்கம் இருக்க வேண்டும். 500 என்று எழுதிவிட்டு அங்கே 25 ஆம்பியர் போட்டிருந்தால் உண்மையில் அது 300 வாட்தான். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் போகிறது என்பதை மட்டுமே சொல்லும், தரத்துக்குச் சான்று ஆகாது. ஆனாலும் அதில் வெண்கல (Bronze) தரத்துக்குக் கீழே நான் பார்ப்பதில்லை. ஐந்து வருட வாரண்டி கொடுக்கிற தயாரிப்பாளர் என்றால் உள்ளே நல்ல பாகம் வைத்திருப்பார் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு.

ஆர்எக்ஸ் 6600 அதிகபட்சம் 132 வாட், ரைசன் 5600 சுமார் 76 வாட். மீதியெல்லாம் சேர்த்து 250-ஐ ஒட்டி நிற்கும். ஆகவே தரமான 550 போதும். பெயர் தெரியாத 750-ஐவிட அதையே நம்பலாம்.

ஆறாம் படி: யுபிஎஸ்

விஏ வேறு, வாட் வேறு. 650 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360, 390 வாட்தான் தாங்கும். மானிட்டரையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். இந்த கம்ப்யூட்டருக்கு 1000 விஏ எடுத்தால் நிம்மதி. அது இரண்டு மணி நேர லோட் ஷெட்டிங் (முறைவைத்து செய்யும் மின்வெட்டு) முழுக்க விளையாட அல்ல. சேமித்துவிட்டு ஒழுங்காக அணைக்கத் தேவையான சில நிமிடங்களைத் தரும்.

2023 போல இப்போது மோசமில்லையே, இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். 2024 மார்ச் கடைசியில் நின்ற லோட் ஷெட்டிங் பத்து மாதம் கழித்து 2025 ஜனவரி 31 அன்று திடீரென்று திரும்பி வந்தது. அது வராத நாளிலும் கேபிள் திருட்டு இருக்கிறது, கோடை இடி மின்னல் இருக்கிறது. கரண்ட் போகும் நொடியைவிடத் திரும்பி வரும் நொடிதான் எனக்குப் பயம். தெரு முழுக்க கீசரும் ஃபிரிட்ஜும் ஒன்றாக எழும்போது வோல்டேஜ் குதிக்கும். கரண்ட் வந்து சில நிமிடம் கழித்தே சுவர் சுவிட்சைப் போடச் சொல்லிக் கொடுங்கள்.

வாங்கியதும் சோதித்துப் பாருங்கள். ஒரு கேமை ஓடவிட்டு, யுபிஎஸ் செருகிய சுவர் சுவிட்சை அணையுங்கள். கம்ப்யூட்டர் அணையாமல் நின்றால் பவர் சப்ளையும் யுபிஎஸ்ஸும் ஒத்துப்போகின்றன. அணைந்தால் உடனே கடைக்குப் போங்கள். பழுதான பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கவும், பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணமா என்று நாமே தேர்ந்தெடுக்கவும் நம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உரிமை தருகிறது. பெட்டியையும் ரசீதையும் எறியாதீர்கள்.

கேஸ்: முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை இருக்கட்டும். பிப்ரவரி மாத டர்பன் புழுக்கத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் விசிறி மூச்சு முட்டும். கார்டின் நீளம் உள்ளே பிடிக்குமா என்று அளந்துகொள்ளுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்தவர்கள் கேட்ட சிலவற்றை இங்கே சேர்க்கிறேன்.

வீட்டில் சோலார் இன்வெர்ட்டர் இருக்கிறது, தனி யுபிஎஸ் வேண்டுமா என்று லெனேஷியாவில் இருந்து ஒரு தம்பி கேட்டார். அவர் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறும்போது கம்ப்யூட்டர் மறுபடி தொடங்குகிறதாம். இங்கே பரவலாக விற்கும் பல இன்வெர்ட்டர்களில் வீட்டு உபகரண முறை, யுபிஎஸ் முறை என்று இரண்டு அமைப்பு உண்டு. முதலாவதில் மாற 20 மில்லிவினாடி ஆகும், இரண்டாவதில் 10. தொழிற்சாலையில் இருந்து முதல் முறையில்தான் வரும். பூட்டிக் கொடுத்தவரிடம் சொல்லி யுபிஎஸ் முறைக்கு மாற்றச் சொன்னேன், சரியாகிவிட்டது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு அக்கா, அலுவலகத்தில் கழித்துவிட்ட சின்ன டெஸ்க்டாப்பில் கார்டு மாட்டலாமா என்று கேட்டார். மாட்டலாம். அந்தப் பெட்டிகளின் பவர் சப்ளையில் கார்டுக்குத் தனி இணைப்பு இருக்காது. அதனால் ஆர்டிஎக்ஸ் 3050-இல் 6 ஜிபி வகையைப் பாருங்கள், 70 வாட்தான். பெரும்பாலானவற்றுக்குத் தனி கேபிள் வேண்டாம். பெட்டி ஒல்லியாக இருந்தால் உயரம் குறைந்த வடிவத்தைத் தேட வேண்டும்.

வேலோரண்ட் கேம் விண்டோஸ் 11-இல் திறக்க மறுக்கிறது என்று நிறையப் பேர். பயாஸில் டிபிஎம் (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி), செக்யூர் பூட் (Secure Boot, நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடும் அமைப்பு) இரண்டையும் இயக்க வேண்டும். ரைசன் போர்டுகளில் டிபிஎம், எஃப்டிபிஎம் என்ற பெயரில் இருக்கும். செக்யூர் பூட்டுக்கு விண்டோஸ் யுஇஎஃப்ஐ (பழைய பயாஸ் முறைக்குப் பதிலான புதிய தொடக்க முறை) முறையில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். பழைய டிஸ்கில் இருந்து விண்டோஸை அப்படியே கொண்டுவந்தவர்களுக்கு இதில்தான் சிக்கும். அவர்கள் செக்யூர் பூட்டைத் தொடுமுன் டிஸ்க் ஜிபிடி (டிஸ்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் புதிய முறை) ஆக இருக்கிறதா என்று டிஸ்க் மேனேஜ்மென்டில் பார்த்துவிடுங்கள்.