4294967297 என்ற எண்ணின் காரணிகளைக் கையாலேயே கண்டறியும் முறை

4294967297 பகா எண்ணா? இது இரட்டைப்படை அன்று, இலக்கங்களின் கூட்டுத்தொகை 59 என்பதால் 3-ஆல் வகுபடாது, 5-ஆலும் வகுபடாது. 65536 வரையுள்ள 6542 பகா எண்களாலும் வகுத்துப் பார்ப்பது யாரையும் சோர்வடையச் செய்யும். எண்ணின் அமைப்பைக் கவனித்தால் அவ்வுழைப்பு தேவைப்படாது.

முதற்படியாக, இவ்வெண்ணை 2³² + 1 என்று எழுதுங்கள். இதே வகையில், 2-இன் அடுக்கு 1, 2, 4, 8, 16 என இரட்டிக்கும்போது வரும் 3, 5, 17, 257, 65537 ஆகியவை பகா எண்களாக இருந்ததால், அடுத்து வரும் இதுவும் அவ்வாறே இருக்கும் என்று 17ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார், 1732-இல் மற்றொரு கணிதவியலாளரான ஆய்லர் அதைத் தவறென்று காட்டினார்.

அடுத்து, காரணியாக இருக்கக்கூடிய எண்களை வடிகட்டுவோம். p என்ற பகா எண் இதை வகுத்தால், p-ஆல் வகுக்கும்போது 2³² தரும் மீதி −1-க்கு (அதாவது p − 1-க்கு) சமம்; எனவே 2⁶⁴ தரும் மீதி 1. 2³²-இல் மீதி 1 வராததால், 2-இன் அடுக்குகள் தரும் மீதிகள் சரியாக 64 படிகளுக்கு ஒருமுறை திரும்புகின்றன. ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி 2ᵖ⁻¹ தரும் மீதியும் 1 என்பதால், p − 1 என்பது 64-இன் மடங்காகிறது. அது 128-இன் மடங்காகவே இருக்கும் என்று பின்னர் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா நிறுவினார். ஆகவே 129, 257, 385, 513, 641 என்று தொடரும் வரிசையில் பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். முதல் ஐந்தில் அத்தகையவை 257, 641 ஆகிய இரண்டே. 257-ஆல் வகுத்தால் மீதி 2 வருகிறது.

641-ஐச் சோதிக்க நீள்வகுத்தலே வேண்டாம். இக்கணக்கில் மிக அழகான இடம் இதுதான். 641 = 5 × 2⁷ + 1 என்பதால் 5 × 2⁷ தரும் மீதி −1; இதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ தரும் மீதி 1. மறுபுறம் 641 = 5⁴ + 2⁴ என்பதால், 5⁴-க்குப் பதிலாக −2⁴ என்று இடலாம்; அப்போது −2³² தரும் மீதி 1 ஆகிறது. அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது. ஈவு 6700417.

இறுதியாக, இந்த ஈவைச் சோதியுங்கள். அதன் காரணி எதுவும் 2³² + 1-ஐயும் வகுக்கும்; அதன் வர்க்கமூலம் 2589-க்குள் அடங்குவதால், நம் வரிசையில் 257, 641, 769, 1153, 1409 ஆகியவற்றை மட்டும் பார்த்தால் போதும். முறையே 170, 44, 120, 334, 622 என மீதிகள் வருவதால், 6700417 பகா எண்ணே.