கறுப்பு முடிக்குக் கத்தரிப்பூ நிறம்: வீட்டிலேயே சாயமிடும் முறை

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் என் முடியின் கீழ்ப்பாதிக்கு ஊதா நிறம் ஏற்ற முயன்றேன். கிடைத்தது செங்காவி கலந்த பழுப்பு. தை மாதத்தில் மீண்டும் முயன்றபோது, நான் ஆசைப்பட்ட அதே கத்தரிப்பூ நிறம் கிடைத்தது. இரண்டு முறையும் பூசியது ஒரே சாயம், ஒரே புட்டி. இடையில் மாறியது ஒன்றே ஒன்று: சாயம் பூசுவதற்கு முன் முடி எவ்வளவு வெளுத்திருந்தது என்பது. ஆகவே இந்தக் கட்டுரையில் சாயத்தைப் பற்றிக் குறைவாகவும் வெளுப்பைப் பற்றி நிறையவும் எழுதியிருக்கிறேன்.

கடைகளில் பர்கண்டி, வயலட் என்று அட்டையில் படம் போட்டு விற்கும் பெட்டிச் சாயங்களை நம்பி இறங்க வேண்டாம். கரிய முடியின் மேல் அவை நடுப்பகல் வெயிலில் மட்டும் ஒரு செந்நிறச் சாயலைக் காட்டும்; வீட்டுக்குள் வந்ததும் முடி பழையபடி கறுப்பாகவே தெரியும். ஊதா பளிச்சென்று தெரிய வேண்டுமானால் முதலில் முடியிலுள்ள கருமையை நீக்க வேண்டும்.

வாங்க வேண்டியவை

முடிக்கான பிளீச் தூள், அதனுடன் கலக்கும் டெவலப்பர், ஊதாச் சாயம், பிளாஸ்டிக் கிண்ணம், சாயத் தூரிகை, வால் சீப்பு, இரண்டு சோடிக் கையுறைகள், சமையலறை அலுமினியத் தாள், வாசலின், ஷவர் தொப்பி. அழகு நிலையங்களுக்குப் பொருள் விற்கும் கடைகளில் இவை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். சென்னையில் இருப்பவர்களுக்குப் பாரிமுனைப் பக்கம் போனால் அலைச்சல் குறையும். உலோகக் கிண்ணத்தை மட்டும் பயன்படுத்தக் கூடாது.

டெவலப்பர் என்பது ஹைட்ரஜன் பெராக்சைடு. அது 10 வால்யூம் என்றால் 3 சதவீதம், 20 என்றால் 6, 30 என்றால் 9, 40 என்றால் 12. கடைக்காரர் நம் முடியின் கருமையைப் பார்த்ததும் 40 வால்யூமை எடுத்து நீட்டுவார். வாங்காதீர்கள். வீட்டில் முதன்முறையாகச் செய்பவருக்கு 20 வால்யூம்தான் சரி என்பது என் உறுதியான கருத்து. அது மெதுவாக வேலை செய்யும். அந்த மெதுவில்தான் நிறம் மாறுவதைப் பார்த்து நிறுத்த நமக்கு அவகாசம் கிடைக்கும்.

சாயத்தில், டெவலப்பருடன் கலக்கத் தேவையில்லாத, நேரடியாகப் பூசும் செமி பெர்மனென்ட் வகையை வாங்குங்கள். நியூயார்க்கில் 1977இல் தொடங்கிய மேனிக் பேனிக் இந்த வகையில் பழைய பெயர். அதன் அல்ட்ரா வயலட் நீலம் சற்றுத் தூக்கலான ஊதா. நான் பயன்படுத்தியது அதுதான். நீலம் தூக்கலான ஊதாவுக்கு முடி நன்றாக வெளுத்திருக்க வேண்டும். சிவப்பு தூக்கலான நாவல்பழ நிறம் சற்று ஆரஞ்சு மிஞ்சிய முடியையும் பொறுத்துக்கொள்ளும். இந்த வேறுபாடு எனக்கு முன்பே தெரிந்திருந்தால் முதல் முறையே வேறு புட்டியை எடுத்திருப்பேன்.

இரண்டு நாள் முன்னதாக

பிளீச் கலவையிலும் சாயத்திலும் ஒரு சொட்டு எடுத்து முழங்கையின் உட்புறத்தில் தனித்தனியே தடவி, 48 மணி நேரம் கவனியுங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் இந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள். பிளீச் தூளில் உள்ள பெர்சல்பேட் உப்புகள் சிலருக்கு மூச்சிரைப்பைத் தூண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். தலையில் புண்ணோ பொடுகினால் வந்த கீறலோ இருந்தாலும் ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

அதே நாளில், சீப்பில் சிக்கிய முடியையோ பிடரிப் பக்கம் உள்ளிருந்து வெட்டிய ஒரு சிறு கற்றையையோ கலவையில் தோய்த்து, எத்தனை நிமிடத்தில் என்ன நிறத்துக்கு வருகிறது என்று குறித்து வையுங்கள். இந்த ஒத்திகை ஒரு மணி நேர வேலை. தவிர்க்கக் கூடாத வேலை.

வெளுப்பதற்கு முந்தைய நாள் தலைக்குக் குளிக்க வேண்டாம். உச்சந்தலையில் இயல்பாக ஊறும் எண்ணெய்ப் பசை தோலுக்குக் காப்பாக இருக்கும். முந்தைய இரவு முடியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது என் வழக்கம். தேங்காய் எண்ணெய் முடியின் உள்ளே இறங்கிப் புரத இழப்பைக் குறைக்கும், அதன் மேலேயே பிளீச் பூசியும் எனக்கு வெளுப்பு தடைப்படவில்லை.

வெளுப்பு

தொடக்கத்தில் முழுத் தலைக்கும் செய்யாமல், காதுக்குக் கீழ் உள்ள முடிக்கு மட்டும் செய்யுங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன். தோலில் பிளீச் படாது, வேர் வளர்ந்து கறுப்பு எட்டிப் பார்க்கும் கவலை இல்லை, பிடிக்காவிட்டால் வெட்டிவிடலாம். முழுத் தலைக்கும் செய்தே தீர வேண்டும் என்றால் வேரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் விட்டுவிட்டு நுனிப்பக்கம் முதலில் பூசி, வேர்ப்பகுதியை இறுதியாகப் பூச வேண்டும். தலையின் உடற்சூட்டில் வேர்ப்பகுதி விரைவாக வெளுத்துவிடும் என்பதே காரணம்.

காற்றோட்டமான இடத்தில், கையுறை போட்டுக்கொண்டு, பொட்டலத்தில் குறிப்பிட்ட விகிதத்தில் கலக்குங்கள். என்னுடையதில் ஒரு பங்கு தூளுக்கு இரண்டு பங்கு டெவலப்பர்: 30 கிராமுக்கு 60 மில்லி. கலவை தோசை மாவின் பதத்தில் இருக்க வேண்டும். கலந்ததும் அது வேலை செய்யத் தொடங்கிவிடும் என்பதால், மொத்தமாகக் கலக்காமல் அரைத் தலைக்கு ஒரு முறை, மீதிக்கு ஒரு முறை என்று கலக்குங்கள். முடியை நான்காகப் பிரித்து, ஒரு விரல் அகலக் கற்றைகளாக எடுத்து, இருபுறமும் தாராளமாகப் பூசி, அலுமினியத் தாளில் மடித்துவிட வேண்டும். கலவை காய்ந்தால் வெளுப்பு நின்றுபோகும். பின்தலைக்கு என் அக்காதான் பூசினாள். கண்ணாடியைப் பார்த்துத் தனியாகச் செய்தால் பிடரியில் திட்டுத்திட்டாகக் கறுப்பு தங்கிவிடும்.

இனி, என்னை இடறவைத்த இடத்துக்கு வருகிறேன்.

கறுப்பு முடி நேராக வெள்ளைக்குப் போகாது. முதலில் செங்கல் நிறம், பிறகு கமலா ஆரஞ்சு, பிறகு மாம்பழ மஞ்சள், பிறகு எலுமிச்சை மஞ்சள், முடிவில் வாழைப்பழத் தோலின் உட்புறம் போன்ற வெளிர்மஞ்சள் என்று படிப்படியாகத்தான் இறங்கும். முடியிலுள்ள கருநிறமியான யூமெலனின் எளிதில் சிதைந்துவிடும். செம்மஞ்சள் நிறமியான பியோமெலனின் பிடிவாதமாகக் கடைசி வரை நிற்கும். அழகுக்கலைஞர்கள் முடியின் நிறத்தை 1 முதல் 10 வரை எண்ணுவார்கள். நம்முடையது பெரும்பாலும் 1 அல்லது 2. அடர்ந்த ஊதாவுக்கு 8 அல்லது 9ஆவது படி வேண்டும், வெளிறிய லாவெண்டருக்கு 10.

ஆரஞ்சில் நிறுத்திவிட்டு ஊதாவைப் பூசினால் இரண்டும் கலந்து பழுப்பாகும். ஊதாவும் மஞ்சளும் நிறச்சக்கரத்தில் எதிரெதிரே இருப்பவை. ஆகையால் அடர்மஞ்சள் முடியின் மேல் வெளிர் ஊதாவைப் பூசினால் ஒன்றையொன்று அழித்துச் சாம்பல் படிந்தது போலாகும். நான் ஆரஞ்சில் நிறுத்தியது அவசரத்தால் அல்ல. அன்று இரவு ஒன்பது மணிக்குக் குளியலறைக் குழல்விளக்கின் கீழ் பார்த்தபோது முடி மஞ்சளாகவே தெரிந்தது. நான் வாங்கிய பிளீச் தூள் நீல நிறமுடையது. அந்த நீலம் முடியில் ஒட்டிக்கொண்டிருக்கையில் ஆரஞ்சை மறைத்துவிடுகிறது. விளக்கின் வெண்மையும் அதற்குத் துணைபோனது. அப்போதே அலசி, சாயத்தையும் பூசிவிட்டேன். மறுநாள் காலை மொட்டை மாடியில் நின்று நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது.

எனவே வெளுப்பைக் காலையில் தொடங்குங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கற்றையைப் பிரித்து, ஈரப் பஞ்சால் கலவையை முழுவதும் துடைத்து, சன்னல் வெளிச்சத்தில் வாழைப்பழத் தோலின் உட்புறத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உண்மையாகவே ஒரு பழத்தை உரித்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பொட்டலத்தில் சொல்லப்பட்ட உச்ச நேரத்தைத் தாண்டக் கூடாது. அதற்குள் வெளுக்காவிட்டால் அலசி, காயவைத்து, இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை வெளுக்கலாம். கரிய முடிக்கு இரண்டு சுற்று ஆவது இயல்பு. எனக்கும் இரண்டுதான் ஆயிற்று. முடியின் புரதமான கெரட்டினே இயல்பில் வெளிர்மஞ்சள் என்பதால், வெள்ளை வெளேரென்று ஆக்க முயன்றால் முடிதான் உடையும். நனைந்த முடியை மெல்ல இழுத்துப் பாருங்கள்: சவ்வுமிட்டாய் போல நீண்டு, திரும்பிச் சுருங்காமல் நின்றால் அத்துடன் நிறுத்திவிட வேண்டும். எரிச்சல் அதிகமானால் நேரம் பார்க்காமல் உடனே அலசிவிடுங்கள்.

சாயம்

இந்தக் கட்டம் எளிது. வெளுத்த முடியை ஷாம்பூ போட்டு அலசி, கண்டிஷனர் போடாமல் முழுமையாக உலர்த்துங்கள். நெற்றியோரம், காது, கழுத்து ஆகிய இடங்களில் வாசலின் தடவுங்கள். சாயத்தை வேரிலிருந்து நுனிவரை அழுத்திப் பூசி, வால் சீப்பால் வாரிப் பரப்பி, ஷவர் தொப்பியால் மூடி ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு, குனிந்து நின்று, வாளியில் பிடித்த குளிர்ந்த நீரால், நீர் தெளிந்து ஓடும்வரை அலசுங்கள். சுடுநீர் நிறத்தை இழுத்துக்கொண்டு போகும். வெள்ளைத் துண்டையும் வெளிர்நிறத் தலையணை உறையையும் முதல் வாரம் எடுத்து வைத்துவிடுங்கள்.

இந்த நிறம் வாரம் இரு முறை அலசினால் நான்கு முதல் ஆறு வாரம் நிற்கும். சல்பேட் இல்லாத ஷாம்பூவைப் பயன்படுத்துங்கள். நிறம் மங்கத் தொடங்கியதும், வெள்ளைக் கண்டிஷனரில் இரண்டு தேக்கரண்டிச் சாயத்தைக் கலந்து பதினைந்து நிமிடம் ஊறவைத்தால் மீண்டும் எழும். மறுபடியும் வெளுக்க வேண்டியதில்லை.

பிற்சேர்க்கை: வாசகர்கள் எழுதியவை

கடையில் பிளீச்சிங் பவுடர் என்று கேட்டு வாங்கியதாக ஒருவர் எழுதியிருந்தார். நல்லவேளையாக அதைக் கலப்பதற்கு முன்பே கேட்டார். தண்ணீர்த் தொட்டிக்கும் சாக்கடைக்கும் போடும் அந்தத் தூள் கால்சியம் ஹைப்போகுளோரைட். அது தலையில் படவே கூடாது, பெராக்சைடுடன் கலக்கவும் கூடாது. முகத்துக்குப் போடும் பிளீச் கிரீமும் வேறு. அட்டையில் முடிக்கானது என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

மருதாணி பூசியவர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். மருதாணி இலையை அரைத்து மட்டுமே பூசியிருந்தால், வெளுப்பு ஆரஞ்சிலேயே நெடுநேரம் நிற்கும், ஆபத்து இல்லை. கறுப்பு மருதாணி, மூலிகைச் சாயம் என்று விற்கும் தூள்களில் சிலவற்றில் உலோக உப்புகள் இருக்கும். அவை பெராக்சைடுடன் சேர்ந்தால் சூடேறி முடியையே கருக்கிவிடும். ஒரு வாசகி ஒத்திகைக்காக வெட்டிய கற்றையைக் கலவையில் இட்டதும் கிண்ணம் சுட்டதாக எழுதினார். அப்படி நேர்ந்தால், அந்த முடி வளர்ந்து வெட்டப்படும்வரை வெளுக்கக் கூடாது.

ஆழ்துளைக் கிணற்று நீரால் நிறம் இரண்டே வாரத்தில் மங்கிவிடுகிறது என்று தாம்பரம் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதினார். எங்கள் வீட்டிலும் உப்பு நீர்தான். கடினநீரின் கால்சியமும் இரும்பும் வெளுத்த முடியில் எளிதில் படிந்து நிறத்தை மந்தமாக்கும். நான் குளியலை வழக்கமான நீரில் முடித்து, கடைசி அலசலுக்கு மட்டும் குடிநீர்க் கேனிலிருந்து இரண்டு செம்பு எடுத்துக்கொள்கிறேன். நிறம் ஐந்தாவது வாரத்திலும் மங்காமல் இருக்கிறது.