ஆபீஸ் விட்டதும் பைக்கில் இடிமழை பார்க்கக் கிளம்புவது எப்படி

ஏப்ரல், மே மாதங்களில் காரைக்குடியில் ஐந்தரைக்கு வேலை முடிந்தால் பொழுது சாய ஒரு மணி நேரம்தான் இருக்கும். அதற்குள் மேகத்தைத் துரத்தி அதன் அடியில் போய் நிற்பது ஆகாத காரியம், பைக்கில் நிற்கவும் கூடாது. பக்கவாட்டில் நின்று அது கடந்து போவதைப் பார்க்கத்தான் கிளம்புகிறோம்.

மூன்று மணி டீக்கு வெளியே வரும்போதே மேற்கே ஒரு பார்வை பாருங்கள். திருப்பத்தூர், மேலூர் திசையில் காலிஃபிளவர் மாதிரி விளிம்பு தெளிவாக, பளீரென்று மேகம் எழும்பினால் அது இன்னும் வளர்கிறது என்று அர்த்தம். உச்சி தட்டையாகி விசிறிபோல ஒரு பக்கம் விரிந்துவிட்டால் முற்றிய இடிமேகம். காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தால் தரை சூடேறியிருக்காது, பெரிதாக எதுவும் கிளம்பாது, பேசாமல் வீட்டுக்குப் போகலாம்.

அப்புறம் போனில் வானிலைத் துறையின் காரைக்கால் ரேடார். நமக்கும் அதற்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர், பூமியின் வளைவால் இங்கே அது பார்ப்பது தரையிலிருந்து கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டருக்கு மேலே இருப்பதைத்தான். படமும் சில நிமிடம் பழையது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மேகம் பத்து நிமிடத்தில் ஐந்து கிலோமீட்டர் தள்ளி வந்திருக்கும், அதைக் கணக்கில் சேருங்கள். அடுத்தடுத்த இரண்டு படங்களை வைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பிடிபடும். திருமயம் பக்கமாகக் கிழக்கே போகிறது என்றால் நான் தேவகோட்டை ரோட்டுக்குத் திரும்பிவிடுவேன். மேற்கே குன்றக்குடியை ஒட்டி வந்தால் பள்ளத்தூர், கானாடுகாத்தான். பொட்டல் வெளி நிறைய இருக்கிற சீமை, பார்வைக்குப் பஞ்சமில்லை. ஆனால் நிற்கிற இடத்திலிருந்து இரண்டு நிமிடத்தில் ஓடி ஒதுங்க ஒரு கான்கிரீட் கட்டடம் இருக்க வேண்டும், இதில் மட்டும் சமரசம் கிடையாது.

கையில் போன், பவர் பேங்க், பிளாஸ்டிக் கவர், துண்டு, சின்ன டார்ச். போதும். மின்னலைப் போட்டோவில் பிடிக்க முயன்று நேரத்தை வீணாக்காமல், போனை டேங்க் மேல் சாய்த்து வைத்து வீடியோ எடுங்கள், வேண்டிய காட்சியைப் பிறகு நிறுத்தி எடுத்துக்கொள்ளலாம்.

மின்னல் வெட்டியதும் எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி வந்துவிட்டால் மேகம் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உள்ளே போயே ஆக வேண்டும். பைக்கில் வந்தவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம், இடிச்சத்தம் காதில் விழுந்தாலே கிளம்புங்கள். கண்மாய்க் கரை, பனைமரத்தடி, தகரக் கொட்டகை மூன்றும் ஆகாது. திடீரென்று குளிர்ந்த காற்று செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தால் மழை பின்னாலேயே இருக்கிறது. ஒரு தடவை குன்றக்குடி ரோட்டில் புளியமரத்தடியில் ஒதுங்கினேன், மழை வரும் முன்னே அந்தக் காற்றிலேயே கிளை ஒன்று முறிந்து பைக்குக்கு முன்னால் விழுந்தது. முட்டாள்தனம்தான்.

கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆனபிறகு வெளியே வாருங்கள். மேகம் அறந்தாங்கிப் பக்கம் போய்ச் சத்தமில்லாமல் மின்னிக்கொண்டிருக்கும். ஊரில் கரண்ட் எப்படியும் வந்திருக்காது, மொட்டை மாடியிலிருந்து பார்க்க அதுதான் வசதி.