சேலத்துத் தண்ணீருக்குத் தாங்குகிற பிரஷர் வாஷர்: வாங்குவதும் வைத்துக்கொள்வதும்

தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுகிற பிரஷர் வாஷர் வாங்கக் கடைக்குப் போனால் முதலில் காட்டுவது ‘பார்’ கணக்குதான், அதாவது தண்ணீர் அழுத்தத்தின் அளவு. 120, 150, 180 என்று பெட்டிமேல் பெரிதாகப் போட்டிருப்பார்கள், நாமும் அதை வைத்தே நல்லதா இல்லையா என்று முடிவு பண்ணிவிடுவோம். அதை அப்புறம் பாருங்கள். சேலத்தில் வீட்டுக்கு பிரஷர் வாஷர் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது தன் வீட்டுக் குழாயை. எவ்வளவு தண்ணீர் வருகிறது, எப்படிப்பட்ட தண்ணீர் வருகிறது, இந்த இரண்டும்தான் எந்த மெஷின் சரிப்படும், எத்தனை வருஷம் ஓடும் என்பதையெல்லாம் முடிவு செய்யும்.

20 லிட்டர் பக்கெட் ஒன்று போதும். மெஷினை மாட்டப்போகிற அதே குழாயில், மாட்டப்போகிற அதே ஹோஸைச் செருகி, அதன் முனையில் பக்கெட்டை வைத்து நேரம் பாருங்கள். 2 நிமிடத்துக்குள் நிறைந்தால் நிமிடத்துக்கு 10 லிட்டராவது வருகிறது என்று கணக்கு. வீட்டு மெஷின்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5 முதல் 7 லிட்டர் இழுக்கும், ஆகவே கவலையில்லை. 3 நிமிடம் தாண்டினால் சிக்கல். மாடி டேங்க் 10 அடி உயரத்தில் இருந்தால் அதனால் கிடைக்கிற அழுத்தம் வெறும் 0.3 பார், அதற்குமேல் அரை இஞ்ச் பைப், நாலு எல்போ, பாதி அடைத்துக்கொண்ட வால்வு என்று வந்தால் மெஷினுக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். தண்ணீர் போதாமல் போனால் பம்ப் காற்றை இழுக்கும், பீய்ச்சுவது விட்டுவிட்டு வரும், உள்ளே தண்ணீர் கசியாமல் தடுக்கிற சீல் சூடாகித் தேயும். வீட்டு மெஷின்கள் கெட்டுப்போவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு, டிரம்மிலிருந்து தானே தண்ணீர் உறிஞ்சுகிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள். உறிஞ்சு குழாயின் முனையில் ஃபில்டர் இருக்க வேண்டும், போடும்முன் அந்தக் குழாய் முழுக்கத் தண்ணீர் நிரப்பிவிட வேண்டும். டிரம்மை மெஷினை ஒட்டி, அதே மட்டத்தில் அல்லது கொஞ்சம் உயரத்தில் வைத்தால் பம்புக்குச் சிரமமே இல்லை.

இப்போது பார் கணக்குக்கு வருவோம். பெட்டியில் போடுவது பெரும்பாலும் உச்ச அழுத்தம். மெஷினில் ஒட்டியிருக்கும் தகட்டில் வேலை அழுத்தம் என்று இன்னொரு எண், அதைவிடக் குறைவாக இருக்கும், அதைப் படியுங்கள். பைக், கார், வாசல், போர்டிகோ இதற்கெல்லாம் வேலை அழுத்தம் 90 முதல் 110 பார் இருந்தால் தாராளம். அதற்கு மேல் காசு செலவழிப்பதானால் மோட்டாருக்குச் செலவழியுங்கள் என்பேன். விலை குறைந்தவற்றில் கார்பன் பிரஷ் வைத்த மோட்டார் இருக்கும், எடை குறைவு, சத்தம் காதைப் பிளக்கும், கொஞ்ச நேரம் ஓட்டினால் ஆறவிட வேண்டும். இண்டக்ஷன் மோட்டார் கனம், விலையும் கூடுதல், ஆனால் சத்தம் குறைவு, பிரஷ் தேய்கிற வேலையே இல்லை. மாதம் ஒரு தடவை பைக் கழுவ முதலாவது போதும், வாராவாரம் காரும் வாசலும் கழுவுகிறவர் இரண்டாவதை எடுங்கள். பம்ப் தலை பித்தளையா என்றும் கேளுங்கள். ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம், தண்ணீர் பீய்ச்சப் பிடிக்கிற கன், ஹோஸ் இதெல்லாம் தனியாக சேலத்திலேயே கிடைக்குமா என்பதையும் பணம் கொடுக்கும்முன் கேட்டுவிடுங்கள், ஐம்பது ரூபாய் ரப்பர் வளையம் கிடைக்காமல் முழு மெஷினும் மூலையில் கிடப்பதைப் பார்க்க மனசு கேட்காது.

கரண்ட் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். 1800 வாட் மெஷின் ஏறக்குறைய 8 ஆம்ப் இழுக்கும், சாதாரண 6 ஆம்ப் பிளக்கில் போடக்கூடாது, 16 ஆம்ப் பாயின்ட் வேண்டும். எக்ஸ்டென்ஷன் தேவைப்பட்டால் 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர். நிற்கிற இடமெல்லாம் ஈரம் என்பதால் எர்த் சரியாக இருக்கிறதா, கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கிற ஆர்சிசிபி வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஓட்டுகிற முறை: குழாயைத் திற, கன்னை அழுத்திப் பிடி, காற்றெல்லாம் போய்த் தண்ணீர் ஒரே சீராக வந்த பிறகுதான் சுவிட்ச். முடிக்கும்போது சுவிட்சை அணைத்து, குழாயை மூடி, கன்னை இன்னொரு தடவை அழுத்தி உள்ளே நிற்கும் அழுத்தத்தை இறக்கிவிட வேண்டும். கன் முனையில் மாட்டுகிற நாசில்கள் நிறம் நிறமாகத் தனித்தனியே வருகிற மெஷினில் சிவப்பு நேர்கோடாக அடிக்கும், வீட்டில் அதற்கு வேலையே இல்லை. காருக்கு 40 டிகிரி வெள்ளை, பாசி பிடித்த சிமெண்ட் தரைக்கு 25 டிகிரி பச்சை. யார்மீதும், விளையாட்டுக்குக்கூட, திருப்பாதீர்கள். தோலுக்குள் தண்ணீர் ஏறிவிட்டால் வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், உள்ளே சேதம் பெரிது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது.

ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்த கையோடு வீல்மேல் அடிக்காதீர்கள். பிரேக் டிஸ்க் கொதித்துக்கொண்டிருக்கும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் வளைய வாய்ப்பிருக்கிறது, நன்றாக ஆறட்டும். மலைமேல் வீடு வைத்திருப்பவர்களுக்கு மழை முடிந்ததும் படிக்கட்டிலும் நடைபாதையிலும் படிகிற வழுக்குப் பாசிக்கு இந்த மெஷினைப் போல உதவுவது வேறில்லை. ஓட்டுக் கூரையில் மட்டும் வேண்டாம். கீழிருந்து மேலே அடித்தால் ஓட்டுக்கு அடியில் தண்ணீர் புகுந்து மரச்சட்டம் ஊறும், பழைய ஓடாக இருந்தால் மேல்பூச்சும் பெயரும். அங்கே தென்னை விளக்குமாறும் பொறுமையும்தான்.

பராமரிப்பில் முக்கியம் உப்பு. சேலத்தில் போர் தண்ணீர் புழங்குகிற வீட்டில் பாத்ரூம் குழாயைப் பார்த்தாலே தெரியும், வெள்ளையாகப் படிந்திருக்கும், அதேதான் நாசில் துளையிலும் படிகிறது. தண்ணீர் ஒருபக்கமாகச் சாய்ந்து அடித்தாலோ, விசிறி மாதிரி விரியாமல் இரண்டாகப் பிரிந்தாலோ துளை அடைத்திருக்கிறது. நாசிலைக் கழற்றி, மெல்லிய ஊசியால் துளையைக் குத்திவிட்டு, மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கிற சிட்ரிக் ஆசிட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து அரைமணி நேரம் ஊறப்போடுங்கள். நாசிலை மட்டும்தான். அந்தக் கரைசலையோ பிளீச்சிங் பவுடரையோ பம்ப் வழியாக விடவே கூடாது. உப்பு அதிகமென்றால் வேலை முடிந்ததும் கடைசியில் ஒரு பக்கெட் காவிரித் தண்ணீரோ மழைத்தண்ணீரோ ஓடவிட்டு நிறுத்துங்கள். தண்ணீர் நுழைகிற இடத்தில் உள்ள சல்லடையை நாலைந்து தடவைக்கு ஒருமுறை கழற்றிப் பல் பிரஷ்ஷால் தேயுங்கள். போர் புதிதென்றால் ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும், அதில் வருகிற நைஸ் மணல் சீலை அரம் போட்டுவிடும்.

கன்னை விட்ட பிறகும் மோட்டார் தானாக ஒரு நொடி ஓடி ஓடி நின்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். முதலில் ஹோஸ் இணைப்பில் உள்ள ஓ-ரிங்கைப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான், மாற்றி சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம் தடவினால் சரியாகிவிடும். அதிலும் நிற்காவிட்டால் கன்னின் வால்வு, அல்லது பம்புக்குள் வால்வு, அது மெக்கானிக் வேலை.

மாதக்கணக்கில் சும்மா வைத்தால் சீல் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். மாதம் ஒருதரம் இரண்டு நிமிடம் தண்ணீரோடு ஓட்டி, வடித்து, வெயில் படாத இடத்தில் ஹோஸை மடிக்காமல் வளையமாகச் சுற்றி வையுங்கள். ரொம்ப நாள் கழித்துப் போடும்போது மோட்டார் சுற்றாமல் ‘ம்ம்’ என்று மட்டும் சத்தம் வந்தால் அந்த நொடியே அணைத்துவிடுங்கள், இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று விட்டால் மோட்டாரின் கம்பிச் சுருள் எரிந்து வைண்டிங் கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.