பேட்டரி இறங்கிய காரின் கதவைத் திறப்பது எப்படி?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவு, பாலருவி, தென்மலை என்று கார்கள் வரிசைகட்டிப் போகும். இரவு விடுதி வாசலில் நிறுத்திய காரைக் காலையில் திறக்கப் போனால், அதில் ஒன்றிரண்டு சத்தமே காட்டாது. ரிமோட்டை அழுத்தினால் விளக்கு மின்னாது. கைப்பிடியில் உள்ள பொத்தானைத் தொட்டாலும் பூட்டு அசையாது. உரிமையாளர் முதலில் ரிமோட்டை இன்னும் பலமாக அழுத்துவார். பிறகு கண்ணாடியில் ஒட்டிவைத்து அழுத்துவார். அப்புறம் மெக்கானிக்கைத் தேடுவார். மலைப்பாதையில் அவ்வளவு காலையில் மெக்கானிக்குக்கு எங்கே போவது?

இத்தனைக்கும் அந்தக் கதவைத் திறக்கும் சாவி அவர் கையிலேயே இருக்கிறது. பொத்தானை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கார்களின் ரிமோட்டுக்குள் ஒரு சாதாரண உலோகச் சாவி ஒளிந்திருக்கிறது. கார் வாங்கும்போது ஷோரூமில் சன்ரூஃபைத் திறந்து காட்டுவார்கள், பாட்டுப் போட்டுக் காட்டுவார்கள், இதைக் காட்டுவதில்லை. புதிதாகக் கார் வாங்கியவர்களுக்காக இதை முதலிலிருந்து சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்று: உள்ளே குழந்தை மாட்டிக்கொண்டிருந்தால் கீழே உள்ள எதையும் நிதானமாகச் செய்துகொண்டிருக்க வேண்டாம். 112-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, குழந்தையிடமிருந்து தள்ளியிருக்கும் பக்கவாட்டுக் கண்ணாடியை உடையுங்கள். முன்கண்ணாடி இரண்டு அடுக்குக்கு நடுவில் பிளாஸ்டிக் தாள் வைத்தது. எத்தனை அடித்தாலும் விரிசல் விடுமே தவிர வழிவிடாது. பக்கவாட்டுக் கண்ணாடியை நடுவில் அடிக்காமல், ஓர் ஓரமாகக் கூர்மையான பொருளால் அடித்தால் சட்டென்று பொடிப்பொடியாக உதிரும்.

இறங்கியது எந்த பேட்டரி?

ரிமோட்டுக்குள் ஒரு பட்டன் செல் இருக்கிறது; பானெட்டுக்குள் 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. எது போனாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே மாதிரிதான் தெரியும். கண்ணாடி வழியாக டாஷ்போர்டைப் பாருங்கள். பல கார்களில் பூட்டிய பிறகு ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். அது மினுக்கினால் கார் பேட்டரியில் உயிர் இருக்கிறது. ரிமோட்டின் செல்தான் தீர்ந்திருக்க வேண்டும். இரண்டாவது ரிமோட் பையில் இருந்தால் அதையும் அழுத்திப் பாருங்கள்.

டி.வி. ரிமோட்டைச் செல்போன் கேமரா முன் பிடித்து ஒளி தெரிகிறதா என்று பார்ப்போம் அல்லவா? அந்த உத்தி இங்கே பலிக்காது. கார் ரிமோட் ரேடியோ அலையில் வேலை செய்வது. கேமராவில் எதுவும் தெரியாது.

எதுவானாலும் அடுத்து செய்யவேண்டியது ஒன்றுதான். கதவைச் சாவியால் திறந்ததும் உள்விளக்கு எரிந்தால் பழுது ரிமோட்டில். அப்போது ரிமோட்டையே ஸ்டார்ட் பொத்தானின் மேல் ஒட்டிவைத்து, பிரேக்கை (மேனுவல் கியர் காரென்றால் கிளட்சையும்) மிதித்தபடி அழுத்துங்கள். செல் இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கும் மின்னணுச் சில்லைப் பெரும்பாலான கார்கள் அடையாளம் கண்டுகொள்ளும். ரிமோட்டை வைக்கவேண்டிய இடம் சில மாடல்களில் வேறாக இருக்கும். காரோடு தந்த கையேட்டில் அது இருக்கிறது. பட்டன் செல்லை வழியில் கிடைக்கும் வாட்ச் கடையில் மாற்றிக்கொள்ளலாம். சி.ஆர். 2032 பரவலாகப் பயன்படுவது, ஆனால் எல்லா ரிமோட்டுக்கும் அது பொருந்தாது. பழைய செல்லின் முகத்தில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

சாவியை வெளியே எடுப்பது

ரிமோட்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கமோ விளிம்பிலோ நகத்தால் தள்ளும் அளவுக்கு ஒரு சிறு தாழ் இருக்கும். அதைத் தள்ளிப் பிடித்தபடியே, வளையம் மாட்டும் முனையை வெளியே இழுக்க வேண்டும். தாழை விட்டுவிட்டு இழுத்தால் வராது. முரட்டுத்தனமாக இழுத்தால் வளையம்தான் பிய்யும். வெளியே வரும் சாவி குட்டையாக, பிடிக்க வாகில்லாமல் இருக்கும். இதுவா கதவைத் திறக்கப்போகிறது என்று தோன்றும். திறக்கும்.

மடக்குச் சாவியோ பழைய மாதிரிச் சாவியோ வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலை இல்லை.

சாவித் துவாரம் எங்கே?

பலரும் திணறுவது இங்கேதான். ஓட்டுநர் பக்கக் கதவில் மட்டும் துவாரம் இருக்கும். மற்ற மூன்று கதவுகளில் தேடிப் பயனில்லை. சில கார்களில் கைப்பிடிக்குப் பக்கத்தில் பார்த்தவுடன் தெரியும். வேறு சிலவற்றில் அழகுக்காக மூடிவைத்திருப்பார்கள். கைப்பிடியை ஒட்டி, காரின் பின்பக்கம் நோக்கிய முனையில், அசையாத ஒரு துண்டு பெயின்ட் அடித்தபடி இருக்கிறதா? அதுதான் மூடி. அதன் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். பார்வைக்குத் தெரியாத ஒரு சிறு பிளவு விரலுக்குத் தட்டுப்படும்.

ஒரு கையால் கைப்பிடியை வெளியே இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். மறுகையால் சாவியின் முனையை அந்தப் பிளவில் கீழிருந்து செருகி, மெல்ல நெம்புங்கள். பெயின்ட் கீறாமல் இருக்கக் கைக்குட்டையின் ஓரத்தை இடையில் கொடுக்கலாம். 'டக்' என்ற சத்தத்துடன் மூடி கழன்று வரும். உடனே அதைச் சட்டைப்பையில் போடுங்கள். பானெட் மேல் வைத்தால் வழுக்கி விழும். புல்லில் விழுந்த அந்தத் துண்டைத் தேடிக் கண்டுபிடிப்பது கதவைத் திறப்பதைவிடப் பெரிய வேலை.

துவாரத்தில் சாவியை முழுதாகச் செருகுங்கள். எந்தப் பக்கம் திருப்புவது என்பது காருக்குக் கார் மாறும். இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத பூட்டு இறுகித்தான் இருக்கும். சாரல் படும் ஊர்களில் ஈரமும் சேர்ந்துகொள்ளும். அதற்காகக் கொறடு போட்டுத் திருகாதீர்கள். சாவி உள்ளே முறிந்தால் கதை முடிந்தது. டபிள்யூ.டி. 40 போன்ற ஸ்பிரே கிடைத்தால் துவாரத்தில் சிறிது அடித்து, சாவியைச் சில தடவை உள்ளே விட்டு எடுத்து, பிறகு திருப்புங்கள். அருகில் எந்த ஒர்க்ஷாப்பிலும் அது இருக்கும். சாவி திரும்பியதும் கைப்பிடியை இழுத்துத் திறங்கள்.

கார் பேட்டரி இறங்கியிருந்தால் ஓட்டுநர் கதவு மட்டும்தான் திறக்கும். சென்ட்ரல் லாக் மின்சாரத்தில் ஓடுவது என்பதால் மற்றக் கதவுகளை உள்ளே கைவிட்டு ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். டிக்கி பல கார்களில் திறக்கவே திறக்காது. இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்க உதவும் ஜம்பர் கேபிளை டிக்கியில் வைத்துப் பூட்டும் நம் பழக்கத்தின் அருமை அப்போதுதான் தெரியும்: பின் இருக்கையை மடக்கி உள்ளே தவழ்ந்துதான் அதை எடுக்க வேண்டும். கேபிள் முன் இருக்கைக்கு அடியில் இருக்கட்டும்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். பெரிய பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தாலும், பூட்டை இயக்குவது தனியாக உள்ள 12 வோல்ட் பேட்டரிதான். அது இறங்கினால் அந்தக் காரும் இப்படித்தான் நிற்கும். அதற்கு உயிர்கொடுக்கும் முறை மட்டும் வேறு. கையேட்டைப் பார்க்காமல் கேபிள் மாட்டக் கூடாது.

பானெட்டைத் திறந்ததும்

ஸ்டியரிங்குக்குக் கீழே பக்கவாட்டில் பானெட் படம் போட்ட நெம்புகோல் இருக்கும். அது கம்பியால் இழுபடுவது; மின்சாரம் வேண்டாம். பானெட்டைத் திறந்தவுடன் கேபிளைத் தேடி ஓடாதீர்கள். முதலில் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் உள்ள கிளாம்பைக் கையால் அசைத்துப் பாருங்கள். மலைச்சாலைக் குலுக்கலில் அது தளர்ந்திருக்கலாம். முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கலாம். 10 எம்.எம். ஸ்பானரால் இறுக்கினாலே கார் உயிர்பெறுவதும் உண்டு. பேட்டரி உண்மையிலேயே இறங்கியிருந்தால்தான் இன்னொரு வண்டியின் தயவு தேவை.

எந்த வண்டி என்பதில் கவனமாக இருங்கள். புளியரை சோதனைச்சாவடி வழியாக இரவும் பகலும் லாரிகள் போகின்றன. நீங்கள் பானெட்டைத் திறந்து நிற்பதைப் பார்த்ததும் ஒரு நல்ல மனிதர் நிறுத்தி, "என்ன அண்ணாச்சி, பேட்டரி இறங்கிவிட்டதா? நம் வண்டியில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்" என்பார். நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். லாரிகளில் பொதுவாக இரண்டு பேட்டரிகளை இணைத்து 24 வோல்ட் ஓடுகிறது. அதை உங்கள் காருக்குக் கொடுத்தால் எலெக்ட்ரானிக் பாகங்கள் கருகும். இன்னொரு கார், ஜீப் அல்லது 12 வோல்ட் டிராக்டர் போதும். ஆட்டோவின் சிறிய பேட்டரியால் காரின் செல்ஃப் மோட்டாரைச் சுற்றவைக்க முடியாது.

இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று தொடாமல் அருகருகே நிற்கட்டும். என்ஜின் இரண்டும் அணைந்திருக்கட்டும். சிவப்பு கேபிளின் ஒரு முனையை உங்கள் பேட்டரியின் பிளஸ்ஸிலும், மறுமுனையை உதவும் வண்டியின் பிளஸ்ஸிலும் மாட்டுங்கள். கறுப்பு கேபிளை உதவும் வண்டியின் மைனஸில் மாட்டுங்கள். கறுப்பின் கடைசி முனையை உங்கள் பேட்டரியில் மாட்டாமல், சற்றுத் தள்ளி என்ஜினில் பெயின்ட் இல்லாத கெட்டியான உலோகப் பாகத்தில் மாட்டுங்கள். கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியக்கூடும். இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கக் கூடாது. பக்கத்தில் வேடிக்கை பார்ப்பவர் பீடியோடு எட்டிப் பார்த்தால் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம்.

உதவும் வண்டியை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். இந்த நேரத்தில் உங்கள் காரின் ஹாரன் திடீரென்று அலறலாம். சாவியால் கதவைத் திறந்ததைத் திருட்டு என்று கார் எண்ணிக்கொள்வதால் வரும் சத்தம் அது. ரிமோட்டில் திறக்கும் பொத்தானை அழுத்தினால் அடங்கும். பிறகு உங்கள் காரை ஸ்டார்ட் செய்யுங்கள். எடுத்ததும் கேபிள்களை மாட்டியதற்கு நேர்எதிர் வரிசையில் கழற்றுங்கள்.

சரிவில் தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?

புளியரையின் எஸ் வளைவுச் சரிவைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். வேண்டாம். என்ஜின் ஓடாதபோது ஸ்டியரிங் கனக்கும். பிரேக் இரண்டு மூன்று மிதிகளுக்குப் பின் கட்டையாகிவிடும். பொத்தான் ஸ்டார்ட் கார்கள் சிலவற்றில் மின்சாரம் இல்லாவிட்டால் ஸ்டியரிங் பூட்டே விடுபடாது. ஆட்டோமேட்டிக் கியர் காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்யவே முடியாது. மேனுவல் காரிலும் பேட்டரி சுத்தமாகக் காலியாகியிருந்தால் பெட்ரோல் செலுத்தும் கருவிக்கே மின்சாரம் இராது.

சாவி காருக்குள்ளேயே மாட்டிக்கொண்டால் அல்லது பூட்டு திரும்பவே மறுத்தால், காப்பீட்டுடன் வரும் சாலையோர உதவி எண்ணை அழையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் நின்றால் 1033. கதவு இடுக்கில் கம்பி விடும் வித்தையை நீங்கள் முயலாதீர்கள். கதவு விளிம்பு வளைந்துவிட்டால் அடுத்த மழையில் தண்ணீர் உள்ளே வரும். பொறுப்பான பூட்டுத் தொழிலாளி ஆர்.சி. புத்தகத்தைக் கேட்பார், கோபப்படாமல் காட்டுங்கள்.

ஏன் இறங்கியது, இனி என்ன?

சிறிய கார்களில் பொதுவாக 35 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி இருக்கும். நல்ல நிலையில் உள்ள கார் பூட்டி நிற்கும்போது 50 மில்லி ஆம்பியருக்குள் இழுக்கும். நாளைக்கு ஏறக்குறைய 1.2 ஆம்பியர்-மணி. அதனால் மூன்று நாள் நின்றதற்காகப் பேட்டரி படுக்காது. ஹெட்லைட்டை எரியவிட்டால் மூன்று, நான்கு மணி நேரத்தில் காலி. எப்போதும் ஓடும் டாஷ் கேமரா 300 மில்லி ஆம்பியர் இழுத்தால் நாளைக்கு 7 ஆம்பியர்-மணி. ஒரு வாரம்கூடத் தாங்காது. அருவிக்கரையில் கதவைத் திறந்துபோட்டுப் பாட்டுக் கேட்பவர்களின் கணக்கு இன்னும் மோசம்.

ஸ்டார்ட் ஆன காரை அணைக்காமல் ஓட்டுங்கள். ஏ.சி. வேண்டாம். செங்கோட்டையிலிருந்து தென்காசி பத்து கிலோமீட்டர்கூட இல்லை, அது போதாது. அரை மணி நேரமாவது நல்ல சாலையில் ஓடவேண்டும். ஆரியங்காவில் நின்ற காரென்றால் புனலூர் வரை போய்விடலாம். பேட்டரி இறங்கியபின் கதவுக் கண்ணாடி ஒரே தொடுதலில் ஏறவில்லை என்றால் சுவிட்சை மேல்நோக்கிச் சில நொடிகள் பிடித்திருங்கள். பல கார்களில் அது சரியாகிவிடும்.

பேட்டரிக் கடைக்குப் போனதும் புதியதை இறக்கச் சொல்லிவிடாதீர்கள். என்ஜின் ஓடும்போது முனைகளில் எத்தனை வோல்ட் வருகிறது என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 13.8 முதல் 14.4 வரை காட்டினால், ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் பொதுவாக நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாம். 12 பக்கமாகவே நின்றால் பழுது சார்ஜ் ஆவதில் இருக்கிறது. எந்தப் புதுப் பேட்டரியைப் போட்டாலும் அதுவும் இறங்கும். ஆல்டர்னேட்டர் சரியாக இருந்து, சுமை கொடுத்துப் பார்க்கும் லோடு டெஸ்டில் பேட்டரி தேறவில்லை என்றால் மாற்றுங்கள். பழைய பேட்டரிக்கு ஈயத்தின் விலை உண்டு. அதைக் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் கொடுங்கள்.