பழைய அம்பாசிடரை இணையத்தில் பார்த்து வாங்குவோர் செய்யும் தவறுகள்

"மார்க் 2 அம்பாசிடர், 1970 மாடல், இசுஸு எஞ்சின், பவர் ஸ்டியரிங், ஏசி, முழுதும் ஒரிஜினல்." இப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்ததும் பலரும் நேராகப் படத்துக்குப் போய்விடுகிறார்கள். எழுதியிருப்பதை முதலில் படியுங்கள். 1817 சி.சி. இசுஸு எஞ்சினை இந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசிடரில் பொருத்தியது 1990களில். 1970 வண்டிக்குள் அது இருந்தால் யாரோ பிற்பாடு இறக்கி வைத்தது. அப்புறம் என்ன ஒரிஜினல்?

முன்பக்கக் கிரில்லை வைத்து வயதைக் கணிப்பதும் வீண். போல்ட்டைக் கழற்றினால் கிரில் மாறிவிடும். பிற்காலத்து மார்க் 4 வண்டியை ஒரு பட்டறையில் விட்டால் மார்க் 2 முகத்தோடு வெளியே வரும். ஆர்.சி. புத்தகம், சேசிஸ் எண், எஞ்சின் எண் மூன்றையும் தெளிவாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எண் பொறித்த இடம் தேய்க்கப்பட்டோ புதிதாகப் பெயிண்ட் பூசப்பட்டோ இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

எஞ்சின் மாற்றிய வண்டியை மலிவு என்று வாங்குவது இன்னொரு தவறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்துவதற்கு வரம்பு போடுகிறது. பெட்ரோல் என்று ஆர்.சி. சொல்லும் வண்டியில் டீசல் எஞ்சின் இருந்தால், மறுபதிவுக்குப் போகும்போது திண்டாடப் போவது நீங்கள்தான். 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதிகளும் முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கே பொருந்தும். எஞ்சினையோ பாடியையோ மாற்றியவர் அந்தத் தகுதியையும் சேர்த்தே விற்றுவிட்டார்.

எல்லா மாற்றமும் கெடுதல் என்று நான் சொல்லவில்லை. பேட்டரிக்கு மின்சாரம் கொடுக்கும் பழைய டைனமோவுக்குப் பதில் அதே வேலையை இன்னும் நன்றாகச் செய்யும் ஆல்டர்னேட்டர் வைத்திருந்தால் எனக்கு மகிழ்ச்சியே. ஒன்றை மாற்றியவர் அதற்குத் துணையானதையும் மாற்றினாரா என்பதுதான் கேள்வி. பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினை விட இசுஸு வெகுவாக வேகம் கொடுக்கும். ஆனால் மார்க் 2வில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்; பிரேக் மிதிக்கு உதவும் பூஸ்டரும் கிடையாது, காலின் பலம்தான். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டார்களா, பூஸ்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். ஏசி போட்டிருந்தால் ரேடியேட்டரும் மின்விசிறியும் அதைத் தாங்குமா என்று கேளுங்கள். பவர் ஸ்டியரிங் என்றால் ஸ்டியரிங் தண்டின் படம் வேண்டும். வேறொரு காரின் பவர் ஸ்டியரிங் மோட்டாரை ஒட்டுவதற்காகத் தண்டை அறுத்து வெல்டிங் வைத்திருந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் எனக்கு வேண்டாம்.

பெயிண்டைப் பார்த்து மயங்குகிறவர்கள் அடிப்பாகத்தை மறந்துவிடுகிறார்கள். அம்பாசிடருக்குத் தனிச் சட்டகம் இல்லை, பாடியே எலும்பு. கதவுக்குக் கீழுள்ள விளிம்பு, கால் வைக்கும் தரை, முன் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் என்ற கம்பி வந்து முடியும் குறுக்குச் சட்டம் ஆகிய இடங்களில் துரு தின்றிருந்தால் செலவு எஞ்சின் செலவையும் தாண்டும். புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்த அடிப்பாகத்தின் படம் எதையும் நிரூபிக்காது. நேரில் போகும்போது மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைக் கொண்டு போங்கள். துருவையும் பள்ளத்தையும் மறைக்கப் பூசும் பட்டி தடிமனாக நிரப்பிய இடத்தில் அது ஒட்டாது.

எஞ்சின் ஓடும் வீடியோவை நம்பிவிடுவதும் வழக்கம். அரை மணி நேரம் சூடேற்றிய எஞ்சின் எல்லாமே சாதுவாகத்தான் ஓடும். காலையில் முதல் ஸ்டார்ட்டைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் குளிர்ந்திருப்பதைத் தொட்டுக் காட்டிவிட்டுச் சாவியைத் திருப்பட்டும். புகைபோக்கியும் அதே வீடியோவில் தெரிய வேண்டும். நீலப் புகை தொடர்ந்து வந்தால் எண்ணெய் எரிகிறது என்று பொருள்.

இவ்வளவையும் கேட்டதும் "இன்னொருவர் முன்பணத்தோடு காத்திருக்கிறார்" என்று பதில் வரும். அவரே வாங்கிக்கொள்ளட்டும்.